பெட்டிக்குள் பழுத்த வெள்ளி

பெட்டியைத் திறந்ததும் குஷன்காரருக்கு முதலில் வந்தது பெருமைதான். பயம் அதற்குப் பின்னால், ஒரு மூச்சு இடைவெளி விட்டு வந்தது.

பெருமைக்குக் காரணம் இருந்தது. கார் சீட்டிலிருந்து பல் டாக்டர் நாற்காலி வரை, மனிதர்கள் உட்கார்ந்து பயப்படும் எல்லாவற்றுக்கும் மெத்தை தைத்துக் கொடுத்த கை அவருடையது. மனைவியின் அண்ணனுக்குக் கப்பலில் வேலை. போன முறை புறப்படும்போது, வருஷக்கணக்கில் சேர்த்த வெள்ளி நாணயங்களை இவரிடம் ஒப்படைத்துவிட்டுப் போனார். ஒவ்வொரு நாணயமும் கண்ணாடி போன்ற கெட்டிப் பிளாஸ்டிக் உறைக்குள் சீல் வைக்கப்பட்டு, நெற்றியில் ஒரு நம்பரோடு இருந்தது. அவற்றை வந்த அட்டைப்பெட்டியிலேயே விட்டுவைக்கக் குஷன்காரரின் தொழில் மானம் இடம் தரவில்லை. மரப்பெட்டி ஒன்று வாங்கினார். உள்ளே கனமான கறுப்பு ரப்பர் ஃபோம் போட்டு, ஒவ்வோர் உறைக்கும் அச்சாக ஒரு பள்ளம் வெட்டினார். மேலே சிவப்பு ரெக்ஸின். பசையில் கஞ்சத்தனமே காட்டவில்லை. மூடினால் ஈ மூச்சு விட இடமில்லை. பெட்டியைப் படியில் உருட்டிவிட்டாலும் ஒரு நாணயம் முனகாது. மச்சான் வந்ததும் திறந்து காட்டி அசத்த வேண்டும் என்று, பெட்டி செய்ததை அவரிடம் சொல்லாமலே, பூட்டியதை மறுபடி திறக்காமலே வைத்திருந்தார்.

அன்று காலையில்தான் மச்சான் போன் செய்தார். கப்பல் முன்கூட்டியே வருகிறதாம். நாளை மத்தியானச் சாப்பாட்டுக்கு வீட்டில் இருப்பாராம். துடைத்து வைப்போம் என்று பெட்டியைத் திறந்தவர், கையில் துணியோடு அப்படியே நின்றார்.

பால்போல் வெளுத்திருந்த நாணயங்களைக் காணோம். அவை இருந்த இடத்தில் வேறு என்னவோ படுத்திருந்தது. ஒன்றுக்கு மஞ்சள் காமாலை. ஒன்றுக்கு ஓரமெல்லாம் அறை வாங்கிய கன்னம்போல் ஊதா. இன்னொன்று கருகிய கடலைத் தோல் நிறத்தில் கிடந்தது. ஓர் உறையைத் தூக்கி வெளிச்சத்தில் திருப்பினார். சீல் அப்படியே இருந்தது, கீறல்கூட இல்லை. அதைத் திரும்ப வைக்கும்போதுதான் கடைசி வரிசையில் ஒரு பள்ளம் காலியாக இருப்பதைப் பார்த்தார்.

பெட்டிக்கு அடியிலும் கட்டிலுக்கு அடியிலும் தேடிப் பார்த்தார், இல்லை.

குஷன்காரர் மெல்லக் கட்டிலில் உட்கார்ந்தார். அதுவும் அவர் தைத்த மெத்தைதான். அன்றைக்கு அது முள்ளாகக் குத்தியது. சீல் வைத்த பொருள் எப்படி மாறும்? மாறாது. அப்படியானால் யாரோ மாற்றியிருக்கிறார்கள். யார்? சாவி யாரிடம் இருந்தது? பனியனுக்குள், கயிற்றில், அவர் நெஞ்சோடு. குளிக்கும்போது மட்டும் ஆணியில் தொங்கும். எப்படிக் கேட்டுப் பார்த்தாலும் விசாரணை அவரிடமே வந்து முடிந்தது. இன்னும் கொஞ்ச நேரம் போனால் தானே ஒப்புக்கொண்டுவிடுவோமோ என்றுகூட அவருக்குப் பயமாக இருந்தது.

வெள்ளியின் விலை அல்ல அவர் கவலை. கல்யாணம் பேசிய நாளில், சீட்டுத் தைக்கிறவனுக்கா பெண் என்று பெண் வீடு மொத்தமும் முகத்தைத் திருப்பியது. அந்த அண்ணன் ஒருத்தர்தான் எழுந்து நின்று, இந்த ஆளை நம்பி எதை வேண்டுமானாலும் கொடுக்கலாம் என்றார். அந்த ஒரு வார்த்தையில் குஷன்காரர் இத்தனை வருஷம் அந்த வீட்டில் தலை நிமிர்ந்து சாப்பிட்டிருக்கிறார். நாளைக்கு அதே மனிதர் இந்தப் பெட்டியைக் குனிந்து பார்ப்பார். வாயால் ஒன்றும் கேட்க மாட்டார், நல்ல மனுஷர். ஆனால் ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாரே, அந்தப் பார்வைக்கு என்ன பதில்?

பயந்தவனுக்கு யோசனைக்குக் குறைவில்லை. வீட்டை விட்டு ஓடிவிடலாம் என்பது முதல் யோசனை. முழங்கால் வலி அதைத் தள்ளுபடி செய்தது. திருட்டுப் போய்விட்டது என்று ஒரு ஜன்னலை உடைத்து வைப்பது அடுத்தது. ஜன்னல் மாற்றியே ஒரு மாதம்தான் ஆகிறது. மூன்றாவது யோசனை கொஞ்சம் அறிவோடு வந்ததுபோல் இருந்தது. உறையைப் பிளந்து, நாணயத்தைப் பற்பசை போட்டுத் தேய்த்து, பளபளவென்று ஆக்கித் திரும்ப ஒட்டிவிட்டால்?

பட்டறையிலிருந்து திருப்புளியையும் சுத்தியலையும், குளியலறையிலிருந்து பற்பசையையும் கொண்டுவந்தார். உறையின் விளிம்பில் நுனியை வைத்தார். சுத்தியலை ஓங்கிய கை நடுங்கிற்று. ரெக்ஸினில் முடி அகலத்துக்குத் தையல் போடும் கை, இந்த விளிம்பில் நிற்க மாட்டேன் என்றது. சீலும் உடைந்துபோனால் உள்ளே இருப்பது பழைய நாணயம்தான் என்று சொல்ல உலகத்தில் ஒரு சாட்சி மிச்சமிருக்காது. அது அவருக்குத் திடீரென்று உறைத்தது. சுத்தியலை மெல்ல இறக்கினார்.

"என்னங்க பண்றீங்க?"

வாசலில் மனைவி. குஷன்காரர் பற்பசையை முதுகுக்குப் பின்னால் மறைத்தார், சுத்தியலை மறைக்க மறந்துவிட்டார். மறைத்தும் பயனில்லை, அவர் முகமே எல்லாவற்றையும் சொல்லிவிட்டது. திக்கித் திணறி விஷயத்தைச் சொன்னார். எல்லாம் மாறிப்போச்சு, ஒண்ணு காணாமலே போச்சு என்று காலிப் பள்ளத்தைக் காட்டினார்.

காணாமல் போனது என்றதும் மனைவியின் முகம் மாறியது. பக்கத்து அறைக்குப் போனாள். பீரோ திறக்கும் சத்தம் கேட்டது. அந்தச் சில விநாடிகளில் குஷன்காரர் நினைக்கக் கூடாததையெல்லாம் நினைத்தார். பிறகு அதற்காகப் பல நாள் தன்னைத்தானே திட்டிக்கொண்டார்.

அவள் திரும்பி வந்து உள்ளங்கையை நீட்டினாள். உறைக்குள் ஒரு நாணயம், சிறகு விரித்த கொக்கு ஒன்று பொறித்தது. நேற்று வார்த்ததுபோல் வெள்ளை வெளேரென்று இருந்தது.

"நீங்க பெட்டி செஞ்ச வாரமே, குளிக்கப் போனப்ப சாவிய எடுத்துத் தொறந்து எடுத்துட்டேன். இந்தக் கொக்கு எனக்குப் பிடிக்கும். அண்ணன் நெனப்பு வந்தா எடுத்துப் பாப்பேன். கேட்டா, பள்ளம் காலியாயிடும்னு பொலம்புவீங்க, அதான் சொல்லல."

குஷன்காரர் கொக்கைப் பார்த்தார். பெட்டியைப் பார்த்தார். ஒரே நாளில் வந்த நாணயங்கள், ஒரே மாதிரி சீல். இரும்பு பீரோவில் சும்மா கிடந்தது வெள்ளையாக இருக்கிறது. அவர் மெத்தை போட்டுப் படுக்க வைத்தவை பழுத்துக் கிடக்கின்றன. பெட்டிக்குள் மூக்கை நுழைத்து முகர்ந்தார். ரப்பரும் பசையும் கலந்த நெடி குப்பென்று அடித்தது. முப்பது வருஷமாக அதிலேயே புழங்கியவருக்கு இதுவரை அது ஒரு வாசனையாகவே தெரிந்ததில்லை.

திருடன் அகப்பட்டுவிட்டான். ஆனாலும் பயம் போகவில்லை, இடம் மாறி உட்கார்ந்துகொண்டது. மச்சான் நம்புவாரா? நம்பினாலும், பாழாக்கியது பாழாக்கியதுதானே?

மறுநாள் மச்சான் செருப்பைக் கழற்றுவதற்குள் குஷன்காரர் வாசலில் நின்று சொல்லிவிட்டார். "மச்சான், நான் எதையும் மாத்தல."

"எதை மாப்ள?" என்றார் மச்சான், பையை இறக்காமலே.

குஷன்காரர் உள்ளே கை காட்டினார். மனைவிதான் பெட்டியை மேசையில் வைத்துத் திறந்தாள். மச்சான் பார்த்தார். ஒவ்வொன்றாக, உறையின் ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, ஜன்னல் பக்கம் திருப்பி, திரும்ப வைத்தார். சாதம் ஆறியது. கருகிய கடலைத் தோல் நிறத்தில் இருந்ததை மட்டும் கீழே வைக்கவில்லை. அது முதல் சம்பளத்தில் வாங்கியதாம், பிறகு மனைவி சொன்னாள். குஷன்காரர் நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஏச்சு வந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்று தோன்றியது.

கடைசியில் மச்சான் கேட்டார். "எதையாவது தொறந்தியா?"

"இல்ல."

"தேய்ச்சியா?"

"தேய்க்கத்தான் போனேன். கை நடுங்கிச்சு."

மச்சான் நீளமாக மூச்சு விட்டார். "நல்லவேளை. அந்த மட்டுக்காவது பயந்தியே."

பிறகு சாப்பிட்டுக்கொண்டே விளக்கினார், பாதி கோபத்தோடும் பாதி அலுப்போடும். சீல் என்று பெயரே தவிர இந்த உறைக்குள் காற்று போகும், வரும். ரப்பரிலும் பசையிலும் இருக்கிற கந்தகம் அந்தக் காற்றோடு உள்ளே போய் வெள்ளியைப் பிடித்துக்கொள்ளும். இறுக்க மூடிய பெட்டி என்றால் அதற்குக் கொண்டாட்டம். மர வாடை, மட்டமான காகித உறை, நாள்பட்ட ஈரம் எல்லாமே வெள்ளிக்குப் பகைதான். பிடித்த நிறத்தைத் தேய்த்து எடுத்தால் வெள்ளியின் தோலும் சேர்ந்தே போகும். அந்த நாணயம் அதோடு செத்தது. லேசாக நிறம் பிடித்ததை அப்படியே விட்டுவிடலாம், அதை ஆசைப்பட்டுத் தேடுகிறவர்களும் உண்டு. கறுத்த இரண்டு மூன்றை மட்டும் விவரம் தெரிந்தவர்களிடம் அனுப்பிப் பார்க்க வேண்டும். முதல் சம்பளத்து நாணயம் அந்த இரண்டு மூன்றில் ஒன்று. அதை அவர் தட்டுக்குப் பக்கத்திலேயே வைத்திருந்தார்.

விடுப்பு முடிந்து புறப்படும் நாளில் மச்சான் ஒரு தகர டப்பாவைக் கொண்டுவந்தார். உறைகள் உள்ளே நிமிர்ந்து வரிசையாக நின்றன. நடுவில், புதுச் செருப்போடு வருகிற ஈரம் உறிஞ்சும் பொட்டலங்கள். ஃபோம் இல்லை, ரெக்ஸின் இல்லை, அழகே இல்லை. அதை இரும்பு பீரோவில் வைக்கச் சொன்னார்.

குஷன்காரர் டப்பாவை வாங்காமல் கையைப் பின்னால் கட்டிக்கொண்டார். "மச்சான், வேற யார்கிட்டயாவது குடுங்களேன். எனக்குப் பயமா இருக்கு."

"அதனாலதான் மாப்ள உங்கிட்ட குடுக்கறேன்" என்று சொல்லிவிட்டு மச்சான் ஆட்டோவில் ஏறினார்.

இப்போது குஷன்காரர் பட்டறைச் சட்டையோடு அந்த அறைக்குள் நுழைவதில்லை. குளித்து, வேறு சட்டை மாட்டிக்கொண்டு, மூச்சைப் பிடித்தபடி பீரோவைத் திறக்கிறார். உறைகளை ஓரத்தைப் பிடித்துத் தூக்கி, நேற்றைய நிறமேதான் இன்றும் இருக்கிறதா என்று பார்க்கிறார். ஒவ்வொரு தடவையும் ஏதோ கொஞ்சம் மஞ்சளாகிவிட்டதாகத் தோன்றுகிறது. மனைவியைக் கூப்பிடுகிறார். அவள் வந்து பார்த்துவிட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று சொல்லி, கொக்கை மட்டும் சற்று நேரம் கையில் வைத்திருந்துவிட்டுப் போகிறாள்.