பூஜ்யம் என்று பொறித்த கல்

கல் முதலில் வந்துவிட்டது. கணக்குதான் இன்னும் வரவில்லை.

கறுப்பு கிரானைட், தங்க எழுத்து. 'கார்பன் வெளியீடு: பூஜ்யம்.' அதற்கு மேலே தாளாளர் வெங்கடரமணனின் பெயர், பூஜ்யத்தைவிட மூன்று மடங்கு பெரிதாக.

தேனாம்பேட்டையில் இருந்த அந்தக் கட்டுமானக் கல்லூரியின் புது 'பசுமை பிளாக்'குக்கு வெள்ளிக்கிழமை திறப்பு விழா. ஒரு கட்டடம் எழும்ப எவ்வளவு கார்பன் காற்றில் கலக்கிறது என்று அளக்க, அங்கே மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுப்பவள் ஃப்ளோரன்ஸ். சாந்தோம்காரி. நாலு வருஷமாகத் தற்காலிக ஆசிரியை. நிரந்தர ஆணை தாளாளர் மேஜையில் கவருக்குள் தூங்கிக்கொண்டிருந்தது.

"ஜீரோ வந்துதா மேடம்?" புதன்கிழமை தாளாளர் அவளைக் கூப்பிட்டு விசாரித்தார்.

"சார், சிமென்டும் கம்பியும் மட்டுமே ஆயிரம் டன்னைத் தாண்டுது."

"புகை சிமென்ட் ஃபாக்டரியிலதானே வருது? அது நம்ம ஃபாக்டரியா? அவங்க தலையில எழுதுங்க."

"அப்படி எழுத முடியாது சார்."

"மொட்டை மாடியில நாப்பது பூந்தொட்டி வெச்சேனே, கழிச்சீங்களா?"

"கழிச்சோம் சார். பத்து செங்கல்லுக்கு ஈடாச்சு."

"அப்போ தொட்டி பத்தலை. இன்னும் இருபது வாங்கிடறேன்." கவரை விரலால் தட்டினார். "மேடையில நீங்களே ஜீரோன்னு வாசிக்கறீங்க. இது அன்னிக்கே உங்க கையில."

வகுப்பறையில் இறுதியாண்டு மணிமொழி காத்திருந்தாள்.

"மேடம், பழைய பிளாக்க இட்ச்சாங்களே, அதுவும் கணக்குல வருமா?"

"வரும். இடிச்சதை எங்கே கொட்டினாங்கன்னு தெரிஞ்சாத்தானே லாரி ஓடினதைச் சேர்க்கலாம்? ஃபைல்ல 'அப்புறப்படுத்தப்பட்டது'ன்னு மட்டும் இருக்கு."

"எங்க வூட்டாண்டதான் கீது மேடம்."

மணிமொழியின் வீடு முன்பு கோட்டூர்புரத்தில், ஆற்றை ஒட்டி இருந்தது. ஆற்றுக்கு ஆபத்து என்று சொல்லி, தெருவையே லாரியில் ஏற்றிப் பெரும்பாக்கத்து அடுக்குமாடியில் இறக்கிவிட்டார்கள். அந்த அடுக்குமாடிக்குப் பின்னால், சதுப்பு நிலத்தில் ஓர் இடிபாட்டு மலை. போனில் போட்டோ காட்டினாள்.

"எத்தனை லாரின்னு யாருக்குத் தெரியும்?"

"எங்கம்மாவுக்குத் தெரியும். இருநூத்திப் பதினாலு. கம்ப்ளைன்ட் குடுக்கலாம்னு செவுத்துல கரிக்கோடு போட்டுக்கினே வந்துச்சு. கம்ப்ளைன்ட எவனும் வாங்கல. கோடு அப்டியே கீது." போட்டோவை விரலால் பெரிதாக்கினாள். "இத்தப் பாருங்க. பழைய பிளாக்கோட தொறப்புவிழாக் கல்லு. நம்ம தாளாளர் சாரோட அப்பா பேரு. மேல கோழி குந்திக்கினு கீது."

ஃப்ளோரன்ஸுக்குச் சிரிப்பு வந்தது. அடுத்த வார்த்தையில் போய்விட்டது.

"நாங்க ஆத்தாண்ட இருந்தா ஆறு கெட்டுப்பூடும்னு தொரத்துனாங்க. இப்ப காலேஜே எங்க பின்னால வந்துருச்சு, மேடம்."

இருவரும் உட்கார்ந்து கூட்டினார்கள். ஆயிரத்து முந்நூற்று நாற்பது டன். மாடி சோலார் தகடுகள் வருஷத்துக்கு இருபது டன் மிச்சப்படுத்தும்.

வெள்ளிக்கிழமை ஃப்ளோரன்ஸின் கைப்பையில் இரண்டு தாள்கள். ஒன்றில் பூஜ்யம். இன்னொன்றில் நிஜம். எதை வாசிப்பது என்று முந்தின மாலை மாதா கோயிலில் அரை மணி நேரம் முழந்தாளிட்டிருந்தாள். மாதா ஒன்றும் சொல்லவில்லை. வீட்டு வாடகை சொன்னது: பூஜ்யம்.

மணி பத்து இருபது. சிறப்பு விருந்தினர் தி.நகர் போக்குவரத்தில் மாட்டிக்கொண்டிருந்தார். தாளாளருக்கு வியர்த்தது.

"பத்தரைக்கு ராகுகாலம் ஆரம்பம்! அப்புறம் ஒண்ணும் கைமாறக் கூடாது. கல்லைத் திறங்கோ! மேடம், ஓடி வாங்க!"

திரை விலகியது. கவர் கைமாறியது. கேமரா மின்னியது. கூட்டம் கைதட்டியது. பத்து இருபத்தெட்டு.

விருந்தினர் பதினொன்றுக்கு வந்து சேர்ந்து, மாலை வாங்கிக்கொண்டு, நாற்காலியில் கண்ணயர்ந்தார். ஃப்ளோரன்ஸை மைக்குக்குக் கூப்பிட்டார்கள்.

கைப்பையைத் திறந்தாள். கவர் பத்திரமாக இருந்தது. கையெழுத்து, முத்திரை, எல்லாம் சரி. தைரியமும் அப்போதுதான் வந்தது. இவ்வளவு நேரம் எங்கே போயிருந்தது என்று அவளுக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. இரண்டாவது தாளை எடுத்தாள்.

"ஆயிரத்து முந்நூற்று நாற்பது டன். இன்னும் அறுபத்தேழு வருஷம் யாரும் இடிக்காமல் விட்டால், கல்லில் இருக்கிற பூஜ்யம் உண்மையாகும். இதற்கு முன் இங்கே இருந்த பிளாக் முப்பத்திரண்டு வருஷத்தில் இடிக்கப்பட்டது. அதன் கல் இப்போது பெரும்பாக்கத்தில் இருக்கிறது."

மேடையோரம் லேப்டாப்போடு இருந்த மணிமொழி பட்டனை அழுத்தினாள். புரொஜெக்டர் திரை முழுக்கத் தாளாளரின் தகப்பனார் பெயர். மேலே கோழி.

பின்வரிசையில் மாணவர்களின் விசில். திடுக்கிட்டு விழித்த விருந்தினர் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

தாளாளர் புன்னகையைக் கலைக்காமல் ஃப்ளோரன்ஸ் பக்கம் சாய்ந்தார். "மேடம், அந்தக் கவரைக் கொஞ்சம் குடுங்க. தேதியில சின்னத் தப்பு."

அவள் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். பதினொன்று இருபது.

"ராகுகாலம் சார். ஒண்ணும் கைமாறக் கூடாது."

கைப்பை ஜிப் சர்ரென்று மூடிக்கொண்டது. மைக் அதையும் ஒலிபரப்பியது.