காலி இடத்தில் பதினைந்து வண்டி

ஜெமிமாவுக்கு அன்று பதினொரு மணிக்கு நேர்காணல். சென்னையில் சிப் வடிவமைக்கிற ஒரு கம்பெனி. லேப்டாப் முன்னால் உட்கார்ந்து பேசினால் போதும். வேலை கிடைத்தால் தினமும் காலையில் திருத்தணியிலிருந்து மின்சார ரயில். கிடைக்காவிட்டால் சித்தூரில் மாமாவின் செல்போன் கடை. படிப்பை முடித்துவிட்டு ஒரு வருஷமாக வீட்டில் இருக்கிற பெண்ணை இனிமேலும் சும்மா வைத்திருக்க முடியாது என்று அப்பா சத்தியநாதன் சொல்லிவிட்டார். செல்போன் உறை விற்பதை நினைக்கவே ஜெமிமாவுக்குப் பிடிக்கவில்லை.

இப்படிப்பட்ட நாளில் மற்ற பெண்கள் கதவைச் சாத்திக்கொண்டு படிப்பார்கள். இவள் தோழி வீட்டுக் காருக்குப் பூஜை போட மலைக்குக் கிளம்பினாள்.

அவளைக் குறை சொல்லவும் முடியாது. தேவசேனா ஒன்றாம் வகுப்பிலிருந்து கூடப் படித்தவள். அவள் அப்பா மலைக்கோயில் மடப்பள்ளியில் சமைக்கிறவர். அண்ணன் ஷ்யாம் முதன்முதலாக ஒரு கார் வாங்கியிருந்தான். இரண்டு கை மாறிய பழைய கார்தான், ஆனால் அவன் நடையைப் பார்த்தால் விமானம் வாங்கியவன் போல இருந்தது. "பத்துக்கெல்லாம் உன்ன வூட்ல வுட்டுர்றோம்டி. நீ ஏறாம வண்டி கெளம்பாது" என்று தேவசேனா ஒற்றைக் காலில் நின்றாள். சர்க்கரைப் பொங்கல் வேறு உண்டு. ஞாயிறு ஆராதனையை ஒரு வாரமும் தவறவிடாத ஜெமிமா, அந்தப் பொங்கலையும் தவறவிட்டதில்லை. லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு பின் சீட்டில் ஏறிவிட்டாள்.

லேப்டாப்பில் இருந்ததுதான் அவளுடைய தலையெழுத்து. கம்பெனி முன்கூட்டியே ஒரு வேலை கொடுத்திருந்தது. சொந்தமாக ஒரு மின்சுற்றை வடிவமைத்து, சிமுலேஷனில் ஓட்டி, சோதித்து அனுப்ப வேண்டும். சிப்பைச் செய்து முடித்த பிறகு தப்பு தெரிந்தால் அழித்து எழுத முடியாது. அதனால் சுற்றை வெரிலாக் என்ற மொழியில் எழுதி, நிஜத்தில் அது எப்படி நடந்துகொள்ளும் என்று முதலில் கம்ப்யூட்டரில் ஓட்டிப் பார்ப்பார்கள். அந்தச் சுற்றுக்கு வெளியே என்னென்ன நடக்கும் என்பதையும் நாமே எழுதித் தரவேண்டும். அதற்கு டெஸ்ட் பெஞ்ச் என்று பெயர். ஓட்டினால் திரையில் கோடுகள் ஏறி இறங்கும். தப்பாக ஏறுகிற இடத்தைப் பிடித்துக்கொண்டு, அங்கிருந்து பின்னோக்கிப் போய்க் காரணத்தைத் தேட வேண்டும்.

எல்லோரும் எழுதுகிற டிராஃபிக் சிக்னலை விட்டுவிட்டு ஜெமிமா மலைமேல் வண்டி நிறுத்தும் இடத்தை எடுத்துக்கொண்டாள். உள்ளே போகும் வாசலை ஒரு வண்டி கடந்தால் ஒன்று கூட்ட வேண்டும், வெளியேறும் வாசலைக் கடந்தால் ஒன்று கழிக்க வேண்டும், பதினைந்து ஆனால் 'இடம் இல்லை' என்ற விளக்கு எரிய வேண்டும். முதல் நாள் ஓட்டியபோது திரை முழுக்கச் சிவப்புக் கோடு. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்று சிமுலேட்டர் சொல்வதற்கு அதுதான் அடையாளம். என்னென்னவோ மாற்றிப் பார்த்து அழுகிற நிலைக்கு வந்த பிறகுதான் புரிந்தது: ஆரம்பத்தில் பூஜ்யத்தில் இரு என்று அவள் சொல்லவே இல்லை. அந்த ஒரு வரியைச் சேர்த்ததும் கோடுகள் பச்சையாகி அழகாக ஏறி இறங்கின. அந்தச் சந்தோஷத்தில் 'முழுமையாகச் சோதிக்கப்பட்டது, தவறு ஏதும் இல்லை' என்று கடைசியில் ஒரு வரி எழுதி அனுப்பியும் விட்டாள்.

கார் மலைமேல் வந்து சேர்ந்தது. ஷ்யாம் உள்ளே போகும் வாசலைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வெளியேறும் வாசலுக்குள் நேராகக் காரை விட்டான். பூஜை போடும் இடம் அந்த வாசலை ஒட்டி இருந்ததால் புது வண்டிக்காரர்கள் எல்லோருக்கும் அதுதான் வழி. குருக்கள் சக்கரத்துக்கு ஒன்றாக எலுமிச்சம்பழம் வைத்து, கற்பூரம் காட்டி, "எடுப்பா" என்றார். ஷ்யாம் முன்னால் ஏற்றி நான்கு பழத்தையும் நசுக்கிவிட்டு, பின்பக்கமாகவே அதே வாசல் வழியாக வெளியே வந்தான்.

"ஐயோ!" என்று பின் சீட்டிலிருந்து ஓர் அலறல்.

கற்பூரத் தட்டோடு குருக்கள் ஓரடி பின்வாங்கினார். ஷ்யாம் பாய்ந்து இறங்கி டயரைக் குனிந்து பார்த்தான். "இன்னாச்சும்மா? எதுனா இடிச்சிட்டனா?"

"இல்லண்ணா! நீங்க உள்ள வந்ததையும் என் டிசைன் கழிச்சிரும், வெளிய போனதையும் கழிச்சிரும்!"

ஷ்யாமுக்கு ஒன்றும் விளங்கவில்லை. நல்ல நேரத்தில் இந்தப் பெண் இப்படிக் கத்துகிறதே என்று அவனுக்கு வருத்தம்.

திருத்தணியில் பிறந்தவளுக்கு இந்த வாசல் வழக்கம் தெரியாதா? எத்தனையோ தடவை பார்த்ததுதான். பார்த்துப் பழகியதாலேயே எழுத உட்கார்ந்தபோது நினைவுக்கு வரவில்லை. அவள் டெஸ்ட் பெஞ்சில் ஓடிய வண்டிகள் எல்லாம் பரம சாது. உள்ளே போகும் வழியில் போய், வெளியே வரும் வழியில் வந்தன. ஊரில் அப்படி ஒரு வண்டியும் கிடையாது.

அவள் லேப்டாப்பைத் திறந்து பூஜை வண்டி ஒன்றை எழுதினாள்: காலி இடம், வெளியேறும் வாசலில் இரண்டு முறை. ஓட்டினாள். முதல் முறை பூஜ்யத்திலிருந்து ஒன்றைக் கழிக்கச் சொன்னதுமே, பதினைந்துக்கு மேல் எண்ணத் தெரியாத அந்தச் சுற்று கடிகார முள் மாதிரிப் பின்பக்கமாகச் சுற்றிப் பதினைந்துக்குப் போயிற்று. உள்ளே வந்தது ஒரே ஒரு வண்டி. 'இடம் இல்லை' விளக்கு மட்டும் ஜோராக எரிந்தது.

"பூஜ்யத்துக்குக் கீழ போவாதன்னு சொல்லிடேன்" என்றாள் பொங்கலோடு வந்த தேவசேனா.

சொல்லிப் பார்த்தாள். விளக்கு அணைந்தது. உள்ளே ஐந்து வண்டி இருக்கும்போது பூஜை வண்டி வந்தால்? ஓட்டினாள். ஐந்து மூன்றாகிவிட்டது. முன்பு கத்திக்கொண்டு வந்த தப்பு இப்போது சத்தம் போடாமல் வந்தது, அவ்வளவுதான். வண்டி எந்தத் திசையில் போகிறது என்று அறியும் வழியை அந்த வாசலில் புதிதாக வைக்க வேண்டும். அதற்கு நேரம் இல்லை. கீழே இறங்கும் பாதையில் வண்டிகள் வரிசைகட்டி நின்றதால் வீட்டுக்குப் போகவும் வழியில்லை.

"வுடுடி. மெட்ராஸ்ல கீறவங்களுக்கு இந்த வாசல் கதைலாம் தெரியவா போவுது? நீ சொன்னாதான தெரியும்?"

ஜெமிமா ஐந்து மூன்றாவதை மறுபடியும் ஓட்டிப் பார்த்தாள். தேவசேனா சொல்வது உண்மைதான் என்பதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது.

பதினொரு மணிக்குக் காரின் பின் சீட்டில் இருந்தபடியே நேர்காணல். கம்பெனியிலிருந்து திரையில் வந்தவர் பெயர் புவனா. வணக்கம் சொல்லி முடித்ததும் நேராக விஷயத்துக்கு வந்தார். "தவறு ஏதும் இல்லைன்னு எழுதியிருக்கீங்க. நிச்சயமா?"

தான் எழுதிய அந்தக் கடைசி வரியை ஜெமிமா நினைத்துப் பார்த்தாள். சித்தூர்க் கடையின் கண்ணாடி அலமாரி கண்முன் வந்து போயிற்று.

"இல்ல மேடம். தப்பு இருக்கு. இப்பதான் பார்த்தேன்."

"சரி பண்ணிட்டீங்களா?"

"விளக்கு எரியாம பண்ணிட்டேன். ஆனா அது சரி பண்ணது இல்ல மேடம், மூடி வெச்சது. எண்ணிக்கை இன்னும் தப்பாதான் வருது. அந்தச் சோதனைய வேணும்னா ஓட்டிக் காட்றேன்."

ஓட்டிக் காட்டினாள். ஐந்து, நான்கு, மூன்று என்று கோடு இறங்கியதைப் புவனா பார்த்தார். "வெளியேறுற வாசல்ல யாராவது உள்ள வருவாங்களா?"

ஜெமிமா வாயால் விளக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக் கார் ஜன்னல் பக்கம் திருப்பினாள். சாமந்தி மாலை போட்ட ஒரு வேன் வெளியேறும் வாசல் வழியாக சொல்லிவைத்தாற்போல உள்ளே வந்துகொண்டிருந்தது. அதன் பின்னால் இரண்டு பைக், ஒரு டிராக்டர்.

புவனா சிரித்த சிரிப்பில் ஸ்பீக்கர் கரகரத்தது. "எங்க டீமுக்கு இதுதாம்மா வேலை. அடுத்தவங்க தப்பில்லைன்னு எழுதி அனுப்புறதுல தப்பு இருக்கான்னு தேடணும். சொந்தத் தப்பையே தேடிக் காட்டுற ஆளை நான் எப்படி விடுவேன்? திங்கட்கிழமை வந்துடுங்க. அந்த டிராக்டரையும் டெஸ்ட் பெஞ்ச்ல சேர்த்துக் கொண்டாங்க."

ஜெமிமாவுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. தேவசேனாவைக் கட்டிக்கொண்டதில் பாதிப் பொங்கல் சீட்டில் கொட்டியது. புதுக் காரின் முதல் கறை அதுதான். வீட்டுக்குப் போன் போட்டாள்.

"நைனா, கெடச்சிருச்சு! தப்பு கண்டுபுடிக்கிற வேல!"

சத்தியநாதன் "தப்பு கண்டுபுடிச்சா சம்பளமா? அப்போ உங்கம்மாவையும் கூட்டிக்கினு போ" என்றார்.

பக்கத்திலிருந்து அம்மா ஜெயகுமாரியின் குரல் தெளிவாகக் கேட்டது. "ஆங், போறேன். மொத தப்பு இங்கயே கீது பாரு. கெடைக்காதுன்னு நெனச்சிக்கினு, பொண்ணு வருவான்னு சித்தூருக்குப் போன் போட்டுச் சொன்னது யாரு?"