அரை மணி நேரக் கேசட்

சின்னக் கேமராவை எடுத்தது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்காகச் சொந்தக்காரர்கள் முன்னால் திட்டு வாங்கியது என் கணவர் ஜெயபாலன்.

எண்பத்தேழாம் வருடம். என் மகள் மங்களத்துக்கு மூன்று வயது, காது குத்த நாள் பார்த்திருந்தோம். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். அந்தத் தாய்மாமன், என் அண்ணன் சன்னாசி, நான்கு வருடமாக என்னோடு பேசுவதில்லை. அவரை ஒரு வார்த்தை கேட்காமல் நானே மாப்பிள்ளை பார்த்துக்கொண்டு நாங்கள் வளர்ந்த தோட்டத்தைவிட்டு ஈப்போ பக்கம் சிலிபினுக்கு வந்துவிட்டேன் என்று கோபம். மகளுக்கு எங்கள் அம்மா பெயரை வைத்திருப்பது தெரிந்த பிறகுதான், "மடியில வச்சிக்க வாரேன். வேற ஒன்னும் இல்ல" என்று தான் இருக்கும் சிலிம் ரிவரிலிருந்து சொல்லி அனுப்பினார்.

இன்னொரு முறை வருவாரோ மாட்டாரோ. அந்த மடியில் என் பிள்ளை உட்கார்ந்திருப்பதைப் படம் பிடித்து வைத்துக்கொள்ள வேண்டும் என்று எனக்கு வெறியே வந்துவிட்டது.

ஈப்போ கடையில் இரண்டு வீடியோ கேமரா இருந்தன. ஒன்று தோளில் தூக்கி வைப்பது. வீட்டு வீடியோ ரெக்கார்டரில் போடுகிற அதே பெரிய கேசட், மூன்று மணி நேரம் ஓடும். இன்னொன்று கைக்கு அடக்கமானது. அதற்குக் குட்டிக் கேசட், அரை மணி நேரம்தான். அதை ஒரு பெரிய கூட்டுக்குள் வைத்து ரெக்கார்டரில் போட வேண்டும்.

கடைக்காரச் சீனருக்குத் தமிழ் கொஞ்சம் வரும். "பாரு பெலாஜார், பெரிசு எடு லா" என்றார். புதிதாகப் பழகுகிறவர்களுக்குப் பெரிசுதான் சரியாம்.

ஜெயபாலன் அதைத் தோளில் வைத்துப் பார்த்தார். அரிசி மூட்டை இறக்க வந்தவர் மாதிரி இருந்தது. நான் சின்னதைக் காட்டினேன்.

"அப்ப ரெண்டு கேசட் வாங்கிக்கலாம்" என்றார்.

"எதுக்கு ரெண்டு? காது குத்த அரை மணி நேரமா ஆவும்?"

அவர் ஒரே கேசட்டுக்குப் பணம் கட்டினார். இன்னும் கொஞ்சம் அடம்பிடித்திருக்கலாம்.

காது குத்து அன்று காலையிலிருந்தே கேமரா அவர் கையில். வாழை மரம், தோரணம், கொதிக்கிற ஆட்டுக்கறி, அதைக் கிண்டுகிற பக்கத்து வீட்டு இருளாயி அக்கா, அக்காவின் புதுச் செருப்பு, வேலி மேல் ஒரு பூனை.

"பூனை எதுக்குங்க?"

"எல்லாத்தயும் எடுத்துக்குவோம். அப்பறமா வேணாங்கிறத வெட்டிக்கலாம் லா."

அண்ணன் பதினோரு மணிக்கு வந்தார். தட்டில் தோடும் பாவாடை சட்டையும். என்னைப் பார்த்து ஒரு தலையசைப்பு, அவ்வளவுதான். மங்களத்தை மடியில் வைத்துக்கொண்டார். பத்தர் குத்தினார். பிள்ளை வீறிட்டதும் அண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. தன் சட்டை நுனியால் அவள் முகத்தைத் துடைத்தார். இலை போடுவதற்குள் கிளம்பிவிட்டார்.

"லோரி எடுக்கணும்" என்றார்.

சாப்பிடாமல் போனால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியாதா?

சாயங்காலம் இருந்த சொந்தக்காரர்கள் எல்லோரும் படம் பார்க்க உட்கார்ந்தோம். வாழை மரம் வந்தது. கறி வந்தது. பூனை மட்டும் நான்கு நிமிடம். அப்புறம் வாசல், அண்ணனின் வேட்டி, உள்ளே எடுத்து வைத்த ஒரு கால். அதோடு கேசட் தீர்ந்து திரை முழுக்கப் புள்ளி புள்ளியாக வந்தது.

நான் திட்டிய திட்டில் பூனை வேலியைவிட்டே ஓடிவிட்டது. பிறகு அடுப்படிக்குப் போய் அழுதேன்.

மறுநாள் அண்ணன் லோரி ஓட்டும் செம்பனை எண்ணெய் ஆலைக்குப் போன் போட்டேன்.

"அண்ணே, நீ படத்துல இல்ல."

"என்னாது?"

"கேசட் முடிஞ்சி போச்சி. உன் கால் மட்டுந்தான் வந்திருக்கு."

"மீதில என்னா இருக்கு?"

"பூனை இருக்கு."

போனை வைத்துவிடுவார் என்று நினைத்தேன். சிரிப்புக் கேட்டது. நான்கு வருடமாகக் கேட்காத சிரிப்பு.

"ஞாயித்துக்கெழம வாரேன், மறுபடி எடுத்துக்க. அதே சட்டையா போடணும்?"

"ஆமாண்ணே, அதே சட்டை."

ஞாயிற்றுக்கிழமை நான்கு கேசட் வாங்கி வைத்திருந்தேன். பத்தர் இல்லை, ஊசி இல்லை. பிள்ளையை எப்படி அழ வைப்பது என்று ஜெயபாலன் கவலைப்பட்டார். மாமனின் சட்டையைப் பார்த்ததும் மங்களம் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு போட்ட சத்தத்தில் இருளாயி அக்கா ஓடி வந்துவிட்டார்.

"சாப்புடறதயும் எடுக்கணும்ணே" என்று இலை போட்டேன். அண்ணன் என்னை நிமிர்ந்து பார்த்தார். "எல்லாம் படத்துக்குத்தானே?" என்று கேட்டுக்கொண்டே உட்கார்ந்தார். இரண்டு முறை சோறு வாங்கினார்.

அந்த வாரம் முழுக்க ஜெயபாலன் கேமராவை ரெக்கார்டரோடு ஒயரில் மாட்டி, ஒன்றில் ஓடவிட்டு இன்னொன்றில் பதிந்து, வேண்டாததை வெட்டினார். வாசலில் கால், அடுத்து மடியில் பிள்ளை. அவள் காதிலிருந்து கையை விலக்கும்போது பார்த்தால், குத்துவதற்கு முன்னாலேயே காதில் தோடு மின்னுகிறது! பார்க்கிறவர்கள் எல்லோரும் அந்த இடத்தில் சிரிக்கிறார்கள்.

"வெட்டிடவா?" என்று ஜெயபாலன் கேட்டார்.

"கைய வச்சீங்க, அவ்ளோதான்" என்றேன்.

கடைசியில் அண்ணன் கைகாட்டிவிட்டு வாசலைத் தாண்டிப் போவதையும் ஜெயபாலன் எடுத்திருந்தார். அதைப் பார்க்க எனக்கு மனசு வரவில்லை. அதை மட்டும் வெட்டச் சொன்னேன். இப்போது எங்கள் படத்தில் அண்ணன் வருகிறார், மடியில் வைத்துக்கொள்கிறார், சாப்பிட்டுக்கொண்டே இருக்கிறார்.