கில்டரோக் கோயிலின் முக்காலி

1764ஆம் ஆண்டு அறுவடை முடிந்த முதல் ஞாயிறு, கில்டரோக் கோயிலின் பாவ முக்காலி தரையை விட்டு ஒரு முழம் எழும்பியது. அதில் கிரிசெல் கைப்பிள்ளையோடு உட்கார்ந்திருந்தாள். பிரசங்கம் இரண்டு மணி நேரம் நடந்தது. ஒரு சொல்லும் குறையவில்லை. ஆசீர்வாதம் சொன்னதும் முக்காலி இறங்கியது.

மணமாகாமல் பிள்ளை பெற்றவள் மூன்று ஞாயிறு அதில் உட்கார்ந்து தகப்பன் பெயரைச் சொல்ல வேண்டும். இல்லையேல் பிள்ளைக்கு ஞானஸ்நானம் கிடையாது. பிள்ளையோ இருமி இருமி நீலம் பாரித்துக்கொண்டிருந்தது. தகப்பன், பண்ணையார் மகன் லூடோவிக். பெயரைச் சொன்னால் கிரிசெலின் அப்பா உழுகிற குத்தகை நிலம் போய்விடும். இருதலைக்கொள்ளி எறும்பாக அவள் தவித்தாள்.

சபை மூப்பர்கள் கூடினார்கள். "ஒக்காரச் சொன்னோம், ஒக்காந்திருக்கா. ஒசரத்தப் பத்தி நமக்கென்ன?" என்றார் மூப்பரான கொல்லர். அதுவே முடிவாயிற்று.

இரண்டாம் ஞாயிறு முக்காலி போதகர் மங்கோவின் தலைக்கு மேலே போனது. அவர் அண்ணாந்து கெஞ்சினார்: "பேரச் சொல்லிரும்மா. புள்ள மொகத்தப் பாத்தாச்சும் சொல்லு." பின்வரிசையில் ஒருத்தி, "அவ்வளவு ஒசரம் போயும் வாய் தெறக்குதா பாரு, அழுத்தக்காரி!" என்றாள். கிரிசெல் பிள்ளையின் போர்வையை இழுத்து மூடினாள்.

மூன்றாம் ஞாயிறு பிள்ளைக்கு அழக்கூடத் திராணியில்லை. பண்ணையார் குடும்பம் ஊராரோடு உட்காராது. அவர்களுக்குத் தனி மேல்மாடம். முக்காலி நேரே அங்கே போய் லூடோவிக்கின் முகத்துக்கு எதிரே நின்றது. கிரிசெல் வாயைத் திறக்கவில்லை. பிள்ளையின் போர்வையை மட்டும் விலக்கினாள். பண்ணை வீட்டுக்கே உரிய மோவாய்ப் பள்ளத்தை முதலில் கண்டது லூடோவிக்கின் தாய்.

"எந்திரிடா. ஒம் புள்ளதானே? சொல்லு," என்றாள். கணவர் பக்கம் திரும்பி, "நீங்க நெலம் கிலம்னு வாயத் தெறந்தீங்க, அடுத்த ஞாயிறு நானே அதுல ஏறி ஒக்காருவேன்," என்றாள். பண்ணையார் தொப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். லூடோவிக் எழுந்து சொன்னான். குரல் எழும்பவில்லை, ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

முக்காலி இறங்குவதாகத் தெரியவில்லை. காத்திருக்கப் பிள்ளைக்கு நேரமில்லை என்று மங்கோ தண்ணீர்க் கிண்ணத்தோடு ஏணியில் ஏறினார். தகப்பன்தான் பிள்ளையை ஏந்திக் கொடுக்க வேண்டும். லூடோவிக் மாடத்திலிருந்து எட்டி வாங்கினான். தலைமகனுக்குத் தகப்பனின் அப்பா பெயரை வைப்பது அங்கே வழக்கம். மங்கோ என்ன பெயர் என்று கேட்டார்.

மூன்று ஞாயிறும் பேசாத கிரிசெல், கடைசி வரிசைக்கும் கேட்கும்படி, தன் அப்பாவின் பெயரைச் சொன்னாள். மங்கோ தண்ணீர் தெளித்தார். கீழே இருந்தவர்கள் நனைந்த தோளைத் துடைத்துக்கொண்டு அடுத்த சங்கீதத்தைத் தொடங்கினார்கள்.