கவிழ்த்த குண்டான்

அமலா விழுப்புரத்தில் ஒரு பொறியியல் கல்லூரியில் எலக்ட்ரானிக்ஸ் ஆசிரியை. திண்டிவனத்தில் மூன்று வீட்டு மாடிகளில், மென்பொருளால் இயங்கும் ரேடியோ போர்டுகளை வைத்திருந்தாள். ஒரு வயர்லெஸ் எங்கிருந்து பேசினாலும், அதன் அலை எந்த மாடிக்கு முந்தி வந்தது, எதற்குப் பிந்தி வந்தது என்று கணக்கிட்டு அவை இடத்தைக் காட்ட வேண்டும். அதற்கு மூன்றின் கடிகாரமும் ஒன்றாக ஓட வேண்டும். நொடியில் பத்து லட்சத்தில் ஒரு பங்கு பிசகினாலும் முந்நூறு மீட்டர் தள்ளிப்போகும். செயற்கைக்கோளிடம் நேரம் வாங்க, போர்டுக்கு ஒன்றாக வில்லை போன்ற சிறிய ஆன்டெனா.

சோதனைக்குக் கல்லூரி வேன் டிரைவர் கொளஞ்சியிடம் வயர்லெஸ்ஸைக் கொடுத்துத் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டில் நிற்கச் சொன்னார்கள். விழுப்புரத்தில் திரையைப் பார்த்தால், புள்ளி ஊருக்கு வெளியே, வேர்க்கடலை போட்டிருந்த மல்லாட்டைக் கொல்லையில் விழுந்திருந்தது.

கொளஞ்சி திரும்பியதும் துறைத்தலைவர் நெடுஞ்செழியன் பிடித்துக்கொண்டார். "யோவ், பஸ் ஸ்டாண்டுல நிக்கச் சொன்னா மல்லாட்டை புடுங்கிக்கினு இருந்தியா?"

மாணவர்கள் சிரித்தார்கள். அமலாவும் சிரித்தாள்.

"பஸ் ஸ்டாண்டுலதான் சார் நின்னேன். பழக்கடை அம்மாவக் கேளுங்க."

"மெஷின் பொய் சொல்லாதுண்ணே," என்றாள் அமலா.

"சாவியக் குடுத்துட்டுப் போ. வேற ஆளப் பாத்துக்கறோம்," என்றார் நெடுஞ்செழியன். கொளஞ்சி சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போனான்.

மறுநாள் அமலா திண்டிவனத்தில் சித்தி லூர்துமேரி வீட்டு மாடிக்கு ஏறினாள். ஆன்டெனா இருந்த இடத்தில் ஓர் அலுமினியக் குண்டான் கவிழ்ந்திருந்தது. மேலே செங்கல்.

"யாரு சித்தி இதக் கவுத்தது?"

"நல்லா கேட்ட போ! கொரங்கு ஒயரப் பிடுங்குதுன்னு நீதானடி கவுத்துட்டுப் போன? குண்டான் இல்லாம நான் கஞ்சி வக்கத் தடுமாறிக்கினு இருக்கேன்."

அமலாவுக்கு முகம் எரிந்தது. போர்டை மாட்டிய அன்று, அடுத்த மாடிக்குப் போய்வரும் வரைக்கும் என்று கவிழ்த்தவள் அவள்தான். பிறகு மறந்தேபோனாள். ஆன்டெனாவுக்குத் திறந்த வானம் வேண்டும் என்று வகுப்பில் படம் வரைந்து காட்டியவளும் அவள்தான். அலுமினியத்துக்கு அடியில் வானம் தெரியாமல், அந்தப் போர்டின் கடிகாரம் தன் இஷ்டத்துக்கு ஓடியிருக்கிறது. சோதனையன்று திரையில் அதற்கு எதிரே சிவப்பு விளக்கு எரிந்ததையும் பார்த்திருந்தாள். நெட் மெதுவாக வருகிறது என்று விட்டுவிட்டாள்.

குண்டானை எடுத்துவிட்டு நெடுஞ்செழியனுக்குப் போன் செய்து, நடந்ததையும் கொளஞ்சியைத் திரும்பக் கூப்பிட வேண்டும் என்பதையும் சொன்னாள்.

"சரி, எடுத்துட்டீங்கல்ல? மறுபடி ஓட்டிக்கலாம். டிரைவர்கிட்டப் போய் இதெல்லாம் இன்னாத்துக்கு?"

"அவரு பஸ் ஸ்டாண்டுலதான் சார் நின்னாரு. சாவியக் குடுங்க. இல்லன்னா கொல்லையில விழுந்த புள்ளி என் தப்பு, அதுக்கு நீங்க அவர அனுப்பிட்டீங்கன்னு பிரின்சிபாலுக்கு எழுதிக் குடுக்கறேன்."

"வந்து எடுத்துக்குங்க," என்றார்.

விழுப்புரம் திரும்பிச் சாவியை வாங்கிக்கொண்டு, வேன் நிற்கும் கொட்டகைக்குக் கொளஞ்சியை வரச் சொன்னாள். மற்ற டிரைவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள். அவர்கள் எதிரிலேயே குண்டான் கதையைச் சொன்னாள்.

"கொரங்கு தேவலாம்ப்பா, ஒயரத்தான் அறுக்கும்," என்றார் ஒருவர். கொட்டகையே சிரித்தது. கொளஞ்சி சிரிக்கவில்லை.

"அவரு திட்டுனது கூடப் போவட்டும் மேடம். நீங்களும் சிரிச்சீங்களே."

அமலா தலை நிமிரவில்லை. சாவியை நீட்டினாள். "நாளைக்கு மறுபடி சோதனை இருக்குண்ணே. பஸ் ஸ்டாண்டுல நிப்பீங்களா?"

கொளஞ்சி சாவியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டான்.

"நிக்கறேன். பழக்கடை அம்மாவையும் பக்கத்துல நிக்க வச்சிக்கட்டா?"