இருபதாவது நிமிடம்

ஐந்தாவது கேக்கும் நடுவில் அமுங்கியது. ஓவன் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தவரை நன்றாகத்தான் எழும்பியது. சீட்டில் எழுதியிருந்தபடி இருபதாவது நிமிடம் கதவைத் திறந்தேன், ஈர்க்குச்சியால் குத்திப் பார்த்தேன், மூடினேன். அடுத்த கால் மணி நேரத்தில் நடுப்பகுதி கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே போனது, அடியிலிருந்து யாரோ இழுப்பதைப்போல. வெளியே எடுத்து மேடையில் வைத்தேன். தண்ணீர் ஊற்றினால் நிற்கும் போலிருந்தது. நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் முன்னால் உட்கார்ந்து, ஒரு கரண்டியை எடுத்து நடுவிலிருந்து தின்ன ஆரம்பித்தேன். முந்தைய நான்கையும் அப்படித்தான் தீர்த்தேன்.

என் மனைவி இறந்து எட்டு மாதம் ஆகிறது. மூளையில் ரத்தக் கசிவு. காலையில் பல் துலக்கிக்கொண்டே தலை வலிக்கிறது என்றாள். மாலையில் நான் படிவங்களில் கையெழுத்துப் போட்டேன். அதற்குப் பிறகு நான் அதிகம் சொன்ன வார்த்தை 'சரி' என்பதுதான். அவளுடைய தங்கை போனில் கூப்பிட்டு, இந்த வருஷமும் கோடை விருந்தை உங்க தோட்டத்துலயே வச்சுக்கலாம் அத்தான், அம்மா ஆசைப்படறாங்க என்றபோதும் சரி என்றேன். கேக் இல்லாம எப்படி, அக்கா உங்களுக்கு எழுதிக் குடுத்திருக்காளே, நீங்களே செஞ்சிடுங்க என்றாள். அதற்கும் சரி. போனை வைத்த பிறகுதான் என்ன சொல்லியிருக்கிறேன் என்று புரிந்தது.

பள்ளிகள் மூடிய முதல் சனிக்கிழமை அந்த விருந்து நடக்கும். பெரிதாக ஒன்றுமில்லை. பதினைந்து இருபது பேர், பின்கட்டுத் தோட்டம், மாலை நாலிலிருந்து இருட்டும்வரை. வெளியே உட்காருகிறவர்களுக்கு முதுகு வலிக்கக் கூடாது, கண் கூசக் கூடாது, கொசு கடிக்கக் கூடாது, இந்த மூன்றையும் கவனித்துவிட்டால் சாப்பாடு சுமாராக இருந்தாலும் யாரும் எழுந்து போகமாட்டார்கள் என்பாள் அவள். முந்தைய நாளே ஒவ்வொரு நாற்காலியிலும் தானே உட்கார்ந்து பார்ப்பாள். ஆடுகிற காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைப்பாள். நாலு மணி நிழலை நம்பி நாற்காலி போடக் கூடாது, ஐந்தரைக்கு நிழல் எங்கே போகுமோ அங்கே போட வேண்டும் என்று என்னிடமே சொல்லித் தந்தாள். நான் நில அளவையாளன். சூரியன் எந்தப் பக்கம் சாயும் என்பது எனக்குத் தெரியும் என்றால், தெரிஞ்சா எடுத்துப் போடு, ஏன் நிக்கறே என்பாள்.

எல்லாவற்றுக்கும் கடைசியில் கேக். ஆரஞ்சுத் தோலைத் துருவிப் போட்டுச் செய்வது. மேலே பூச்சு, அலங்காரம் ஒன்றும் கிடையாது. பார்த்தால் ரொட்டி மாதிரி இருக்கும். வாயில் போட்டவர்கள் கொஞ்ச நேரம் பேச மாட்டார்கள். அதன் செய்முறை அவள் அம்மாவின் அம்மாவுக்கும் முந்தியிலிருந்து வருகிறதாம். அதற்கு ஒரு சட்டம் உண்டு. வீட்டில் ஒருத்திக்குத்தான் அது போகும். கொடுத்தவள் அதற்குப் பிறகு செய்யக் கூடாது. வேறு யார் கேட்டாலும் இல்லை என்று சொல்லக் கூடாது. முகம் கோணாமல் எழுதிக் கொடுக்க வேண்டும். ஆனால் ஒன்பது வரிகளில் ஒரே ஒரு வரியைத் தப்பாக எழுத வேண்டும். ஆளுக்கு ஒரு வரி. கல்யாணமான முதல் வருஷம், பக்கத்து வீட்டு டீச்சருக்கு எழுதிக்கொண்டே இதை என்னிடம் சொல்லிச் சிரித்தாள். உனக்கும் அம்மாவுக்கும் எனக்கும் மட்டும்தான் தெரியும், எங்கயாவது உளறிடாதே என்றாள். அன்றைக்கு எனக்கு ஏதோ பட்டம் கிடைத்த மாதிரி இருந்தது.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவள் வேலை விஷயமாகப் பத்து நாள் வெளியூர் போனாள். நீ திரும்பி வரும்போது நான் செய்து வைக்கிறேன், எழுதிக் கொடு என்றேன். எழுதிக் கொடுத்தாள். செய்தேன். அமுங்கியது. வந்தவள் பெட்டியைக்கூட உள்ளே வைக்காமல் நின்றபடியே பாதியைத் தின்றாள். கை பழகணும்பா, எல்லாம் ஒரே நாள்ல வந்துடுமா என்றாள். நான் நம்பினேன்.

ஐந்தாவது கேக்கைத் தின்று முடித்தபோதுதான் அந்த யோசனை வந்தது. நல்ல யோசனை இல்லை. வந்த பிறகு போகவும் இல்லை.

ஒரே கோட்டை மூன்று பேர் அளந்து, இரண்டு பேர் ஒன்று சொல்லி மூன்றாமவன் வேறு சொன்னால், அவன் நாடாவைச் சரியாகப் பிடிக்கவில்லை என்று அர்த்தம். எங்கள் தொழிலில் இதற்கு மேல் பெரிய தத்துவம் கிடையாது. மறுநாள் டீச்சர் வீட்டுக்குப் போனேன். அவள் கையெழுத்தைப் பார்க்க வேண்டும்போல இருக்கிறது என்றேன். அது பொய்யும் இல்லை. டீச்சர் அழுதுகொண்டே அலமாரியிலிருந்து எடுத்துத் தந்தார். எனக்கு எப்பவும் அடி பிடிச்சுக்கும், அவ கைராசி எனக்கு ஏது என்றார். தெருமுனையில் தைக்கிற அம்மா தன் சீட்டை அளவு நோட்டுக்குள் குண்டூசி குத்தி வைத்திருந்தார். அவருக்கு எல்லாம் வரும், வாசம் மட்டும் வராதாம். மச்சினியிடம் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். அவளுடைய சீட்டை பிளாஸ்டிக் உறை போட்டு லேமினேட் செய்து வைத்திருந்தாள். ஓரத்தில் ஒரு முடிகூட உள்ளே மாட்டியிருந்தது. அக்கா தலைமுடியாத்தான் இருக்கும் அத்தான், நான் எடுக்கவே இல்ல என்று குரல் செய்தி அனுப்பினாள்.

நான்கையும் மேஜையில் பரப்பினேன். கட்டம் போட்ட தாளில் வரி வரியாக எழுதினேன். டீச்சருக்குச் சர்க்கரை அரைக் கிண்ணம் கூடுதல். தையல்காரம்மாவை ஆரஞ்சுத் தோலைப் பத்து நிமிடம் வேகவைத்துப் போடச் சொல்லியிருந்தாள். தங்கைக்கு மூன்று முட்டைக்குப் பதிலாக ஐந்து. மற்றபடி மூவருக்கும் எல்லாம் ஒன்றேதான். எட்டாவது வரியில் மூவருக்கும் இப்படி இருந்தது: நாற்பது நிமிடம் ஓவன் கதவைத் திறக்கவே கூடாது.

என் சீட்டில் அந்த வரி: இருபதாவது நிமிடம் கதவைத் திறந்து, குச்சியால் குத்திப் பார்க்கவும்.

எழுத்து எல்லாவற்றிலும் ஒரே மாதிரி இருந்தது. எனக்கு எழுதும்போது கை தயங்கிய அடையாளம் ஏதாவது இருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் கொண்டுபோய்ப் பார்த்தேன். இல்லை.

விருந்தன்று காலை ஆறாவது கேக். கதவைத் திறக்கவில்லை. கூடத்தில் போய் உட்கார்ந்துகொண்டேன். நாற்பது நிமிடம் சுவரைப் பார்த்தேன். அமுங்கினால் போதும் என்று இருந்தது. அமுங்கினால் என் கைதான் சரியில்லை, அவள் எனக்குச் சரியாகத்தான் எழுதினாள், எட்டாவது வரியில் ஏதோ கைத்தவறு. திறந்தபோது கேக் தட்டையாக, முழுசாக, பொன்நிறத்தில் நின்றது. வீடெல்லாம் அந்த வாசம். எட்டு மாதமாக இந்த வீட்டில் பார்க்காத கேக். கைத்துணியோடு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன்.

மாலையில் எல்லோரும் வந்தார்கள். நாற்காலிகளை ஐந்தரை மணி நிழலில் போட்டிருந்தேன். மச்சினி தட்டுகளை அடுக்கினாள், அவள் கணவர் வாளியில் ஐஸ் உடைத்துக் கொட்டிப் பாட்டில்களைப் புதைத்தார். அவர் லிஃப்ட் மெக்கானிக். எதையாவது சொல்லிக்கொண்டே இருப்பார். சகலை, தைரியமா வெட்டுங்க, என் பொண்டாட்டி செஞ்ச கேக்கை என் பிள்ளைங்க ஹோம்வொர்க் அழிக்க வச்சிருக்காங்க, அதைவிட மோசமாவா இருந்துடப்போகுது என்றார். எல்லோரும் சிரித்தார்கள். மச்சினியும் சிரித்தாள், கொஞ்சம் தாமதமாக.

வெட்டினேன். கொடுத்தேன். பேச்சு நின்றது. டீச்சர் தட்டைக் கையில் வைத்தபடி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தையல்காரம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்தார். அவளே வந்து செஞ்ச மாதிரி இருக்கே என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். எனக்கு வாயில் எதுவும் தெரியவில்லை. விழுங்கினேன்.

மாமியார் ஓரமாகப் பிரம்பு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எட்டு மாதத்தில் அவராகக் கேக்கைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. மச்சினி ஒருமுறை கேட்டபோது, அது உங்க அக்காகிட்ட குடுத்தாச்சு, என்கிட்ட இல்ல என்று முடித்துவிட்டார். இப்போது ஒரு வாய் தின்றார். தட்டை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கையசைத்துக் கூப்பிட்டார். பக்கத்தில் குந்தினேன்.

"யாரு சொல்லிக் குடுத்தா?"

யாரும் இல்லை, மற்றவர்கள் சீட்டுகளைச் சேர்த்து வைத்துப் பார்த்தேன் என்றேன். அவருக்கு உடனே புரிந்துவிட்டது.

"உங்க சீட்டுல எந்த வரி, மாப்பிள்ளை?"

"கதவு, அத்தை. பாதியில திறந்து பார்க்கச் சொல்லியிருந்தா."

அவர் உதடு லேசாக அசைந்தது. சிரிப்பாகவும் இருக்கலாம்.

"உங்க மாமாவுக்கு நான் தயிரை விட்டுட்டு எழுதிக் குடுத்தேன். இருபத்தெட்டு வருஷம், தன் கைதான் விளங்காத கைன்னு நெனச்சிட்டிருந்தார் மனுஷன். ஆஸ்பத்திரில கடைசி வாரம் சொன்னேன். சிரிச்சு சிரிச்சு இருமல் வந்துடுச்சு." தட்டிலிருந்த துணுக்கை விரலால் ஒற்றி எடுத்தார். "எனக்கு ஒரு வாரம் இருந்துச்சு."

ஆறுதலுக்காகத்தான் சொன்னார். அதை ஆறுதலாக எடுத்துக்கொள்ள நானும் முயன்றேன். ஆம்புலன்ஸில் அவள் பத்து நிமிடம் நினைவோடு இருந்தாள். கேஸை மூடினியா என்று கேட்டாள். ஆபீஸ் சாவி நீலப் பையில் இருக்கிறது, கொடுத்துவிடு என்றாள். பயப்படாதே என்றாள். கேக்கைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. அந்த நேரத்தில் யார்தான் சொல்வார்கள். ஒரு வாரம் இருந்திருந்தால் சொல்லியிருப்பாளா, அறுபது வயதில் சொல்லியிருப்பாளா, என் முகத்தைப் பார்த்துச் சிரிப்பதற்காகவே தள்ளிப்போட்டு வைத்திருந்தாளா. கேட்பதற்கு ஆள் இல்லை. நிலத்தில் என்றால் எல்லைக்கல் நட்டுவிட்டு வந்துவிடலாம்.

"இப்ப அது உங்ககிட்ட இருக்கு. பார்த்துக்குங்க," என்றார் மாமியார். எதைப் பார்த்துக்கொள்வது என்று நான் கேட்பதற்குள் மச்சினி வந்துவிட்டாள். கையில் பாதி தின்ற துண்டு. கண் சிவந்திருந்தது.

"அத்தான், என் சீட்டைத்தான் பார்த்தீங்கல்ல. எனக்கு மட்டும் ஏன் ரப்பரா வருது?"

ஐந்து முட்டை. இரண்டே இரண்டு வார்த்தை. நாக்கு நுனியில் இருந்தது. மாமியார் மடியிலிருந்த தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அக்கா எனக்கு ஏதாவது விட்டுட்டு எழுதிட்டாளா?" விளையாட்டாகக் கேட்பது மாதிரிதான் கேட்டாள். ஆனால் கேட்டுவிட்டு என் வாயையே பார்த்தாள். அந்த பிளாஸ்டிக் உறை எனக்கு ஞாபகம் வந்தது. ஓரத்து முடி. மேஜையில் நான்கு சீட்டுகளையும் பரப்பி உட்கார்ந்திருந்த மத்தியானம் ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து என் சீட்டை நான் திரும்ப எடுத்துப் பார்க்கவில்லை.

"இல்ல. எல்லாம் சரியாத்தான் எழுதியிருக்கா," என்றேன். "உன் ஓவன் பழசு. சூடு ஒரே சீரா வரல."

அவள் முகம் தளர்ந்தது. நான் நினைச்சேன், நான் அப்பவே சொன்னேன்ல என்று கணவரைப் பார்த்தாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். போச்சு, கடைசியில ஓவனையும் என் தலையில கட்டியாச்சா, சகலை நல்லா இருங்க என்றார். தையல்காரம்மா சிரித்தார். திங்கட்கிழமையே கடைக்குப் போவதாக மச்சினி சொன்னாள். பெரியதாக, உள்ளே விசிறி வைத்தது, எவ்வளவு ஆனாலும். அடுத்த வருஷம் நானே செய்யறேன் அத்தான், நீங்க சும்மா உட்காருங்க, அக்கா சீட்டு இருக்கே என்றாள். சரி என்றேன்.

மாமியார் தட்டைக் கீழே வைத்தார். என்னைப் பார்க்கவில்லை.

வெளிச்சம் குறையத் தொடங்கியது. ஒருவர் இருவராக எழுந்தார்கள். மேஜையில் கேக்கின் கடைசிக் கால்பகுதி மிச்சம் இருந்தது. மச்சினி போனை எடுத்துக்கொண்டு அதன் முன்னால் புல்லில் மண்டியிட்டாள். கடைக்காரனிடம் இப்படி வர வேண்டும் என்று காட்டத்தான். உயரம் தெரிவதற்காகத் தன் ஆள்காட்டி விரலைப் பக்கத்தில் நிமிர்த்தி வைத்துப் பார்த்தாள். வெட்டிய பக்கம் இருட்டாக விழுகிறது, அந்தத் தட்டைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க என்றாள். நான் இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்தேன். இன்னும் மேலே என்றாள். மதிலுக்கு மேல் மிச்சமிருந்த வெயில் படும்வரை தூக்கினேன். வெட்டுமுகத்தில் ஒவ்வொரு சின்னத் துளையும் தனித்தனியாகத் தெரிந்தது. "ஆடாதீங்க அத்தான்," என்றாள். நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன்.