டோரீனின் மூச்சு குடிபோன வீடு

டோரீன் மக்காயின் ஆல்பம் வெளியான ஜனவரியில் அவள் வாயிலிருந்து ஆவி வருவது நின்றுபோனது. கனடாவின் தண்டர் பே ஊரில் அந்த மாதம் எல்லார் வாயிலிருந்தும் ஆவி வரும். மேயர் வாயிலிருந்து வரும், நாய் வாயிலிருந்து வரும், ஊமையாக நிற்கிறவர்களுக்கு மூக்கிலிருந்தாவது வரும். டோரீன் மட்டும் பேருந்து நிறுத்தத்தில் வாயை முழுசாகத் திறந்து பனியைத் திட்டினாலும் அவள் முகத்துக்கு முன்னால் காற்று துடைத்துவைத்த மாதிரி இருந்தது. டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துப் பார்த்தார். மூச்சு வருகிறது, அது எங்கே போகிறது என்பது தன் துறை அல்ல என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எங்கே போகிறது என்பது எங்கள் தெருவுக்குத் தெரியும். அவள் வீட்டுக்கு நாலு வீடு தள்ளி, முன்பு சலவைக்கடையாக இருந்த கட்டிடத்தில் ரெய்யோ ரெக்கார்டிங் ஸ்டுடியோ வைத்திருந்தான். சலவைக்கடையின் கொதிகலன் பழைய இரும்புக்குப் போய் வெகுகாலம் ஆகியும், கூரையிலிருந்த அதன் தகரக் குழாய் அந்த ஜனவரியில் ஆவி விடத் தொடங்கியது. டோரீன் பேசினால் சின்னச் சின்ன உருண்டையாக வந்தது, சிரித்தால் குபுகுபுவென்று வந்தது. இரண்டையும் முடிச்சுப் போடத் தெருவுக்கு ஒரு வாரம் பிடித்தது. எதிர்வீட்டு ஜன்னல்காரர்களுக்கு அரை நாள் போதுமாயிருந்தது.

ரெய்யோ கெட்டவன் அல்ல. எந்தக் கம்பெனியும் சீந்தாத பாட்டுக்காரர்கள், பாட்டைவிடத் தாடி நீளமாக உள்ள கிட்டார்காரர்கள் எல்லாம் அவனிடம்தான் வருவார்கள். கையில் காசில்லாதவர்கள் மான்கறி கொடுத்துப் பதிவு செய்துகொண்டு போவார்கள். அவனுக்கு இருந்த ஒரே வியாதி சுத்தம். பாட்டுக்கு நடுவே நாற்காலி முனகினால் அதை நறுக்கி எடுக்கும்வரை அவனுக்குச் சோறு இறங்காது. டோரீனோ இருபது வருடம் தானியக் கிடங்கில் தூசி கூட்டியவள். ஒவ்வொரு வரிக்கும் முன்னால் அவள் மூச்சை இழுக்கும்போது, கதவிடுக்கில் காற்று நுழைகிற மாதிரி ஒரு விசில் கேட்கும். மைக்கின் முன்னால் நின்ற முதல் நாளே சொல்லிவிட்டாள்.

“இந்த விசில்ல கை வெச்சே, தோலை உரிச்சுடுவேன். அதுவும் பாட்டுதான்.”

“சத்தியமா தொட மாட்டேன் டோரீன்,” என்றான் ரெய்யோ.

பதிவான குரலையும் வாத்தியங்களையும் சேர்க்கிற மிக்ஸிங்கில் உட்கார்ந்தபோது ஒரே ஒரு மூச்சு கொஞ்சம் உரக்கக் கேட்டது. அதை மட்டும் எடுத்தான். அது போனதும் பக்கத்து மூச்சு துருத்திக்கொண்டு நின்றது; அதையும் எடுத்தான். இப்படியே போய், வேலை முடிந்தபோது டோரீன் முழு ஆல்பத்தையும் மூச்சே விடாமல் பாடியிருந்தாள். எதையும் அழித்துப் பழக்கமில்லாதவன் ஆகையால், வெட்டிய மூச்சுகளைத் தனி டிராக்கில் வரிசையாக அடுக்கி, சத்தத்தை மட்டும் அணைத்து வைத்தான்.

கேட்க வந்த டோரீன் கண் கலங்கிவிட்டாள். “நானா இது? இவ்வளவு சுத்தமாவா பாடினேன்?”

“நீங்கதான். நான் ஒண்ணுமே பண்ணல,” என்றான். அடக்கம் மாதிரியே இருந்தது.

அன்று பிடித்தது அவளுக்கு வெட்கம். இசைத்தட்டில் பாடுகிறவள்தான் டோரீன் என்றால், கடை வரிசையில் விசிலடித்துக்கொண்டு நிற்கிற இவள் யார்? கையுறையால் வாயை மூடிக்கொண்டு பேசினாள், தேவாலயத்தில் மூச்சை அடக்கிக்கொண்டு உட்கார்ந்தாள், சிரிப்பதை அநேகமாக நிறுத்திவிட்டாள். உள்ளூர் வானொலி வேறு, காற்றே தேவைப்படாத குரல் என்று புகழ்ந்து தொலைத்தது. ரெய்யோ இதையெல்லாம் ஜன்னல் கண்ணாடி வழியே பார்த்துக்கொண்டிருந்தான். குழாயைப் போர்வையால் அடைத்தான். ஆவி மின்சாரப் பொத்தான்களின் இடுக்கு வழியாகவும் அவன் கோட்டுப் பையிலிருந்தும் வந்தது. தெருவில் அவன் தலை குனிந்தே நடந்தான். டோரீனிடம் மட்டும் யாரும் வாய் திறக்கவில்லை. ஊரே அறிந்ததைச் சம்பந்தப்பட்டவரிடம் சொல்லாமலிருப்பது எங்கள் தெருவின் நாகரிகம்.

பிப்ரவரியில், ஊரில் குடியேறிய ஃபின்லாந்துக்காரர்களின் மண்டபத்தில் கச்சேரி. இசைத்தட்டில் இருந்தபடியே பாடவேண்டும் என்று அவள் மூச்சு இழுக்காமல் பாடினாள். மூன்றாவது பாட்டில் முகம் நாவற்பழ நிறமாகி மேடையிலேயே சரிந்து உட்கார்ந்தாள். அவளுக்கு மூச்சு திரும்பிய அந்த நொடியில் ரெய்யோவின் குழாய் கெட்டில் மாதிரி கூவியதால், டிக்கெட் வாங்காதவர்களுக்கும் விஷயம் தெரிந்துபோனது.

மண்டபத்து வாசலில் யாரோ அந்தக் கூவலைப் பற்றி முணுமுணுத்தது அவள் காதில் விழுந்திருக்க வேண்டும். மறுநாள் காலையில் வந்து குழாய்க்கு நேர்கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். “ஆ,” என்றாள். ஓர் உருண்டை வந்தது. “அடப்பாவி,” என்றாள். இரண்டு வந்தன.

ரெய்யோ கதவைத் திறந்தான். மூக்குக்கண்ணாடி முழுக்க அவள் மூச்சு படிந்திருந்தது.

“பொய்தானே சொன்னே?”

“அழகா இருக்கட்டும்னுதான்...”

“நான் கேட்டேனாடா? மேடையில செத்திருப்பேன். அதுவும் அழகாத்தான் இருந்திருக்கும், இல்ல?”

ரெய்யோ அவளை உள்ளே கூட்டிப்போனான். அந்த டிராக்கின் சத்தத்தைத் திறந்துவிட்டான். பாட்டில்லாமல் வெறும் மூச்சுகள், ஒன்றன்பின் ஒன்றாக, விசிலடித்துக்கொண்டு. டோரீன் கோட்டைக்கூடக் கழற்றாமல் கடைசிவரை கேட்டாள். “இவளைத்தான் எனக்குத் தெரியும்,” என்றாள். “திருப்பி வை.”

திருப்பி வைத்தான். மூச்சோடு கூடிய ஆல்பம் முன்னதில் பாதிகூட விற்கவில்லை. டோரீன் மறுபடி கடை வரிசையில் விசிலடித்தாள். ஆனால் ஆவி மட்டும் அவள் வாய்க்குத் திரும்பவில்லை; குழாயிலேயே தங்கிவிட்டது. அது கூரை ஓரத்தில் உறைந்து, நடைபாதையில் சொட்டி வழுக்குப் பாறையானது. தினமும் காலையில் ரெய்யோ கடப்பாரையால் அதை உடைத்து உப்புப் போட்டான். அவள் மன்னித்துவிட்டாள் என்று தெருவில் சொன்னார்கள். மன்னித்தவள், பேசப் பேச ஐஸ் கூடும் என்று தெரிந்தும், பனிக்காலம் பூராவும் வின்னிபெக்கில் இருக்கிற தங்கையிடம் போனில் அவ்வளவு நேரம் பேசியிருக்க மாட்டாள்.

பிறகு வந்த ஒரு குளிர்காலத்தில், ஒரு காலை, குழாயில் ஆவி நின்றுவிட்டது. கடப்பாரையோடு வெளியே வந்த ரெய்யோ அண்ணாந்து பார்த்தான். அப்புறம் கடப்பாரையைப் போட்டுவிட்டு, கோட்டில்லாமல், காலுறையோடு பனியில் ஓடி அவள் கதவை இடித்தான். டோரீன் கன்னங்கள் உப்ப, மூக்கைக் கையால் பிடித்தபடி கதவைத் திறந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள். பிறகுதான் மூக்கை விட்டாள்.

“வர்றியான்னு பார்த்தேன். உள்ள வா, கால் விறைச்சுப்போகும். காபி இருக்கு.”

நாலு வீட்டுக்கு அப்பால் குழாய் கூரையையே மறைக்கும்படி ஒரு பெரிய வெள்ளை மேகத்தை விட்டது. ஐஸை இப்போதும் ரெய்யோதான் உடைக்கிறான். இரவெல்லாம் மெல்லிசாகக் கசிகிற குழாய் குபுகுபுவென்று புகைய ஆரம்பித்தால் டோரீன் எழுந்துவிட்டாள் என்று அர்த்தம். நாங்களும் அடுப்பில் காபிக்கு வைக்கிறோம்.